கேசட்டில் இருந்த அப்பா

ரிஃபத் எங்கள் எதிர்வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எங்களைப் போலவே எகிப்துக்காரர், மன்சூராவிலிருந்து வந்தவர். ஜித்தாவுக்கு வந்து நாலு வருடம் அவர் ஊருக்கே போகவில்லை. ஒவ்வொரு விடுமுறையையும் ஏதாவது ஒரு புதுக் கட்டடம் விழுங்கிவிடும். 1985 கோடையில் குடும்பத்தையே மூன்று மாதத்துக்கு வரவழைத்துக்கொண்டார். மனைவி சமீஹா பள்ளியில் புவியியல் ஆசிரியை. மகன் ஹாதிமுக்கு ஐந்து வயது.

அப்பா கிளம்பியபோது ஹாதிம் தவழ்ந்துகொண்டிருந்தான். ஊரில் வீட்டுக்கு டெலிபோன் கிடையாது. ஊருக்குப் போகிறவர்களிடம் ரிஃபத் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். அம்மாவும் பிள்ளையும் பதில் பேசி அனுப்புவார்கள்.

பகலில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். சமீஹா தரையைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் மகனோடு அதன்மேல் படுத்துக்கொள்வாள். பிற்பகல் தொழுகை முடிந்து கடை திறந்ததும் அவளும் நானுமாகப் பெண்கள் இருவரும் காய்கறி வாங்கப் போவோம். பொழுது சாய்ந்தால் எல்லோரும் கடற்கரைக்கு. அங்கேயே தர்பூசணியும் வெள்ளைச் சீஸும் ரொட்டியும் சாப்பாடு. ஒரு குறையும் இல்லை, ஹாதிம் அப்பாவோடு பேசாததைத் தவிர. அவரை ‘பாபா’ என்று கூப்பிடாமல் ‘மாமா’ என்றான்.

"போட்டோவைக் காட்டினேன். அதுல இருக்கிறவருக்கு முடி இருக்கேங்கிறான்" என்றாள் சமீஹா.

ரிஃபத்தும் ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடமாடினார். தனியாக இருந்து பழகியவர், அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் பையன் தனியறையில் பேசிக்கொண்டிருப்பது சமீஹாவுக்குக் கேட்டது. டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தான். சாயங்காலம் அவன் தூங்கிய சமயம் பார்த்து அதை ரிஃபத்துக்குப் போட்டுக் காட்டினாள். நானும் இருந்தேன்.

"பாபா, நாங்க ஜித்தாவுக்கு வந்துட்டோம். நீ எங்க இருக்க? இங்க ஒரு மாமா இருக்காரு. நின்னுக்கிட்டே சாப்பிடுறாரு. அம்மா பெரிய கறித்துண்டை அவருக்குத்தான் வைக்கிறாங்க. நீ வந்து கேளு."

சமீஹாவும் நானும் சிரித்துவிட்டோம். ரிஃபத் சிரிக்கவில்லை. கிரீஸ் படிந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்ததும் புரியவைக்கிறேன்" என்றாள் சமீஹா.

"வேணாம். என்னைத்தானே கேட்டிருக்கான். நானே பதில் சொல்லிக்கிறேன்."

மறுநாள் கேசட்டில் ஹாதிம் கேட்ட பதில் இது: "கண்ணு, அந்த மாமா பாவம்டா. ரொம்ப நாள் தனியா இருந்தவரு. வீட்டுல நாலு பேரோட எப்படி இருக்கறதுன்னே மறந்துபோச்சு. நீதான் சொல்லிக்கொடுக்கணும்."

அன்றைக்கே வந்து அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்க மாமா. பாபா சொல்லியிருக்காரு."

ரிஃபத் தட்டோடு தரையில் உட்கார்ந்தார்.

அதன்பிறகு பாடம் தொடர்ந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது, ரொட்டியைப் பிய்த்து அடுத்தவருக்குக் கொடுப்பது, தர்பூசணிக் கொட்டையைத் தூரமாகத் துப்புவது. தினமும் பாபாவுக்குக் கேசட்டில் அறிக்கை போகும், பதிலும் வரும். "மாமாவுக்குத் துப்ப வரல, ஆனா பரவால்ல" என்று ஒருநாள் பதிவாகியிருந்தது.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு சாயங்காலம் அவர் பதில் பேசிக்கொண்டிருந்தபோது அறைக்கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஹாதிம் நிற்கிறான். ரிக்கார்டரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"நீதானா?"

"நான்தான்டா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

பையன் யோசித்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பேசு" என்றான்.

ரிஃபத் பேசினார். ஒன்பதாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட்டைப் பற்றி, அதற்குள்ளிருந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம். அவர் முடிக்கும்வரை ஹாதிம் கண்ணைத் திறக்கவில்லை. அடுப்படியில் சமீஹா குழாயைத் திறந்துவிட்டு அழுததை நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மாவும் மகனும் ஊர் திரும்ப சூயஸ் போகும் கப்பலில் ஏறினார்கள். அடுத்த வசந்தத்தில் சமீஹா பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மகனோடு திரும்பி வந்தாள். தலைமையாசிரியைக்குப் பயங்கரக் கோபமாம். வந்தவள் ஆறு வருடம் இருந்தாள். மகள் ஜித்தாவில்தான் பிறந்தாள்.

தன் கல்யாண வாழ்க்கையிலேயே நீளமானது அந்த மூன்று மாதம்தான் என்று சமீஹா சொல்வாள். அதை அவள் நல்லதாகச் சொல்கிறாளா, அலுத்துச் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை.