அற்புதமணி டீச்சரின் இடது கால்

எழுபத்து நான்காம் வருஷம், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து இடது இடுப்பை முறித்துக்கொண்டாள் அற்புதமணி டீச்சர். நாசரேத்தில் பிறந்து, தூத்துக்குடி மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் மூன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். டாக்டர் உடைந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் தண்டு வைத்த ஓர் எஃகு உருண்டையைத் தொடையெலும்புக்குள் தட்டி இறக்கினார். சிமெண்ட் வைக்கவில்லை.

"எலும்பே தண்டைக் கவ்விக்கணும் டீச்சர். அதுவரைக்கும் கக்கத்துல கட்டை வச்சுத்தான் நடக்கணும். பாரம் விழுந்தா தண்டு உள்ள இறங்கிரும், கால் குட்டையாயிரும்."

மற்றவர்களுக்கு என்றால் குட்டைக் கால் வெறும் நொண்டல். அவளுக்கு அது செத்துப்போன புருஷனின் நடை. செல்வதுரைக்கு வாலிபத்திலேயே கப்பல் சரக்கு சரிந்து இடது கால் குறுகிவிட்டது. மெல்ல ஓர் அடி, தொம்மென்று ஓர் அடி. தெருவில் அந்தச் சத்தம் கேட்டாலே தாயும் மகளும் எழுந்து சுவரோரம் நிற்பார்கள். பெல்ட் எப்போது இடுப்பிலிருந்து கழலும் என்று யாருக்கும் தெரியாது. அவர் கல்லறைக்குப் போன பிறகுதான் அந்த வீடு மூச்சு விட்டது.

அதனால் டாக்டர் சொல்லை அவள் வேதவாக்காகக் கொண்டாள். கெட்டது கோயிலில்தான். திருவிருந்து ஞாயிறன்று குருவானவர் அவள் பக்கம் பார்த்து, "அங்கனயே இருங்க டீச்சர், நான் கொண்டாறேன்" என்றார். அப்பமும் ரசமும் உட்கார்ந்தபடி வாங்குவது படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு. அவள் எல்லோரையும் போல முன்னால் போய் முழங்காலிட்டாள். எழும்போது பாரம் முழுக்க இடது காலில் விழ, தொடைக்குள் ஏதோ வழுக்கி இறங்கியது. வீம்பு யாரை விட்டது?

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இறங்கிட்டு. இனி இதோட நின்னுரும்" என்றார். வலி போய்விட்டது. கட்டையும் போனது. ஒரு மத்தியானம் அவள் கூடத்தைத் தாண்டும்போது செல்வதுரை வீட்டுக்குள் நடந்தார். மெல்ல ஓர் அடி, தொம்மென்று ஓர் அடி. அவள் நின்றாள். அவரும் நின்றார்.

மகள் கிருபை துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அன்று சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அந்தச் சத்தம் வந்ததும் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

"நான்தாம்ளா" என்றாள் அற்புதமணி. அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாளே செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, இடது செருப்புக்குக் கனமாக ரப்பர் வைத்துத் தைத்து வாங்கினாள். கால்கள் சமமாயின, நடையில் சத்தமே இல்லை. ஆனால் வீட்டுக்குள் செருப்பா? பக்கத்து வீட்டு ரோஸ், "ஜெபம் பண்ணுத வீட்டுல செருப்போடயா நடக்கிய?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். கேட்டால் கேட்கட்டும், மகள் பயப்படக் கூடாது என்று அடுக்களை வரை செருப்போடே நடந்தாள்.

ஒருநாள் கிருபை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அற்புதமணி பின்னால் போய்த் தோளைத் தொட்டாள். மகள் அலறித் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குறுகிப்போனாள்.

"செருப்பக் கழத்துங்கம்மா" என்றாள் பிறகு. "சத்தம் கேட்டா எந்திரிச்சி நிக்கவாவது நேரம் கெடைக்கும். கடைசி வருசங்கள்ல அப்பா செவுத்தப் புடிச்சிக்கிட்டுச் சத்தமில்லாமத்தான் வருவாவ."

"எப்பம்ளா? நான் பாக்கலியே."

"நீங்க டியூஷன் எடுக்கப் போயிருப்பீய."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எத்தனை தாய்மாரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அந்த வாயை இப்போது கையால் பொத்திக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, மகள் இருந்த பக்கம் ஓங்கி மிதித்து நடந்தாள்.