முழுவியளத்துக்கு வந்த அக்கா

கெம்பஸில் விரிவுரையாளர்களோடு சிற்றூழியர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். ஆய்வுகூட உதவியாளருக்கு ஒரேயொரு இடம். நேர்முகத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

நல்ல காரியத்துக்குப் போகும்போது ராசியான ஆள் எதிரே வரவேணும். அதுதான் முழுவியளம். மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தாள். நான் படலை திறக்க, அக்கா நிறைகுடத்தோடு சிரித்தபடி வந்தா.

"போயிட்டு வா தம்பி, வேலை உனக்குத்தான்!"

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், நேர்முக அறை வாசலில் பட்டுச்சேலையோடு அக்கா! புருசன் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"நீங்களும் இதுக்கு விண்ணப்பம் போட்டீங்களா அக்கா?"

"ஓம் தம்பி. உனக்கு நான் வந்தன், எனக்குத்தான் ஆரும் வாய்க்கல்ல. அந்தா கூப்பிடுறாங்க, ஒருக்கா எனக்கு எதிர வாவன்!"

கேட்ட மனுசிக்கு எப்படி மறுப்பது? சிரித்துக்கொண்டு எதிரே நடந்தேன்.

வேலை அக்காவுக்கு. இப்போது எங்கள் ஒழுங்கை வீடுகளில் எவர் நேர்முகத்துக்குப் போனாலும் விடிய என்னைத்தான் எழுப்புகிறார்கள்.