பொட்டு வைத்த டிரான்சிஸ்டர்

மோகனப்பிரியாவைப் போல அவசரக்காரி நூம்பலில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. பக்கத்து மேசைக்காரி என்ற முறையில் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்தவும் மாட்டாள். தட்டில் வளர்த்த இதயச் செல்கள் யாரும் சொல்லாமலே ஒன்றாகத் துடிக்கின்றனவே, முதலில் துடிப்பது எது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் டிரான்சிஸ்டர் செய்தாள். சிலிக்கானில் அல்ல, மின்சாரம் கடத்தும் ஒருவகை பிளாஸ்டிக்கில். அது மெத்தென்று இருக்கும், உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். மேலே செல்கள் துடித்தால் அந்தச் சின்ன மின்துடிப்பை அங்கேயே பெரிதாக்கிக் காட்ட வேண்டும். இதுவரை ஒருமுறைகூடக் காட்டவில்லை. இந்த முறையும் பதிவாகாவிட்டால் பிளாஸ்டிக்கை மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கும்படி எங்கள் பேராசிரியை சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. அவள் அப்பா ரகுநாதன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பருத்திப்பட்டு வீட்டில் அன்றைக்கு ஸ்பேனர், சுத்தியல், ஸ்கூட்டர் எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. "உன் ஆயுதம் எங்கமா?" என்று வருடா வருடம் மகளையும் கேட்பார். எப்படியும் ஆல்கஹாலில் கழுவத்தானே போகிறோம் என்று, டிரான்சிஸ்டர் பதித்ததில் தேறிய நான்கு பிளாஸ்டிக் ஃபிலிம்களையும் டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். டப்பாவை மூடியபடியே சாமி முன்னால் வைப்பார் என்று நினைத்தாளாம். என்ன பெண்ணோ!

மறுநாள் விஜயதசமி. செல்களுக்கு ஏது விடுமுறை? ஆய்வகத்துக்கு வந்து டப்பாவைத் திறந்தாள். நான்கிலும், மின்சாரம் போய்வரும் ஓரத்துத் தங்கக் கோடுகளின் மேல் அழகாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். "யாருப்பா உன்னத் தொறக்கச் சொன்னது? என் வேலையே போச்சு!" என்று கத்திவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். அதே வேகத்தில் பஞ்சை எடுத்துத் தேய்த்தாள். சந்தனத்தோடு தங்கக் கோடும் உரிந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் போன பிறகு அவள் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

நான்காவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்கே உரிய கேள்வி வந்தது.

"சௌம்யா, காஞ்ச சந்தனத்துல கரண்ட் போகுமா?"

அளந்து பார்த்தோம். போகவில்லை; கோட்டுக்குக் கோடு கரண்ட் கசியாது. பொட்டு இருந்ததோ தண்ணீர் படாத ஓரம். அதைத் தொடாமல் நடுவை மட்டும் சுத்தம் செய்து, துடித்துக்கொண்டிருந்த செல் படலத்தை மெதுவாக அதன்மேல் இறக்கினாள்.

திரையில் கோடு கொஞ்ச நேரம் சும்மா நடுங்கியது. பிறகு ஊசி முனை போல ஒன்று எழுந்தது. இன்னொன்று. நுண்ணோக்கியில் படலம் சுருங்கும்போதெல்லாம் ஒன்று. ஸ்பீக்கரில் இணைத்ததும் டிக், டிக் என்று கேட்டது.

மறுபடியும் அப்பாவை அழைத்தாள். இவள் பேசுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இனிமே உன் சாமான் எதையும் தொடமாட்டேன்மா. கோச்சிக்காத."

அவள் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள்.

"இன்னாமா அது சத்தம்?"

"இதயம்பா."

"யாருதுமா?"

"யாருதும் இல்லப்பா. தட்டுல வளந்தது." அதற்குள் அழுதுவிட்டாள். "உன் பொட்டு ஒண்ணும் பண்ணலப்பா. நான்தான் தேய்ச்சு மூணக் கெடுத்தேன். உன்னப் போய்த் திட்டிட்டேன்."

"அது கெடக்குது, வுடுமா" என்றார் ரகுநாதன். "அந்தச் சத்தத்த இன்னொரு வாட்டி வெய்யி."