சாட்டூர்னினோ உட்கார்ந்து நிமிர்த்திய ஷாஃப்ட்

எங்கள் மலைநாட்டுச் சுரங்க ஊரான ஒருரோவில் இரும்பு வளைந்தால் யாரும் குப்பையில் போடுவதில்லை. சாட்டூர்னினோ கோல்கே வீட்டுக்குக் கொண்டுபோவோம். முற்றத்துப் பட்டறையில், வளைந்த இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்டைச் சுழலவிட்டு, சாக்பீஸை ஒட்டிப் பிடிப்பார். மேடான இடத்தில் மட்டும் வெள்ளை விழும். அங்கே லாரி ஜாக்கியால் அழுத்துவார். நேரானால் போதாதாம், ஒரு நூல் அளவு கூடவே அழுத்தினால்தான் கையை எடுத்ததும் நேராக நிற்குமாம்.

கார்னிவல் திருவிழாவில் மூன்று வருடம் மாதாவுக்கு ஆடுவதாக என் மகள் நில்டா நேர்ந்துகொண்டிருந்தாள். அது மூன்றாவது, கடைசி வருடம். சனிக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை, அவள் அங்கி பாதி தைத்திருக்கும்போது என் தையல் மெஷின் கீழே விழுந்து ஷாஃப்ட் வளைந்தது. ஆத்திரத்தில் நானே சுத்தியலால் ஒரு போடு போட்டேன். ஒரு வளைவு இரண்டானது.

ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு சாட்டூர்னினோ வீட்டுக்கு ஓடினேன். அவரோ கருவிகளுக்கெல்லாம் வண்ணக் காகிதம் சுற்றி, பூமித்தாய்க்குச் சாராயம் ஊற்றி முடித்திருந்தார். அதன் பிறகு கார்னிவல் முடியும்வரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

“இது ஷாஃப்டா, பாம்பா? யாரு அடிச்சது தங்கச்சி?”

“நாந்தான். கேலிய விட்டுட்டு ஜாக்கிய எடுங்கண்ணே.”

“இப்பதான் ஊத்தித் தூங்க வெச்சிருக்கேன். எழுப்புனா வருஷம் பூரா என் கைய நசுக்கும்.”

“அப்ப எம்பொண்ணு வாக்கு தவறிட்டான்னு மாதாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க!” அழுதுவிட்டேன்.

தலையைச் சொறிந்தார். குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார்.

“என்மேல யாரும் காகிதம் சுத்தலையே?”

இரண்டு விறகுக் கட்டைகள்மேல் ஷாஃப்டை வைத்து, அதன்மேல் பலகை போட்டு, உட்கார்ந்தார். நூற்றுப்பத்து கிலோ! எழுந்து சாப்பாட்டு மேசையில் உருட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி தோரோத்தியா கத்தினாள்: “நல்லா அமுக்கு! நாலு கட்டில ஒடச்ச எடை, இன்னைக்காவது உருப்படியா ஒண்ணு செய்யட்டும்!”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

“ஒரு மயிரிழை மிச்சமிருக்கு. கார்னிவல் முடிஞ்சதும் கொண்டா, எடுத்துத் தரேன்” என்றார்.

ஷாஃப்டை அப்படியே மாட்டி, விடிவதற்குள் அங்கியை முடித்தேன். நில்டா ஆடினாள். மிச்ச வளைவை எடுக்க இன்று போகலாம், நாளை போகலாம் என்றிருந்தேன். இரண்டு வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது அந்த மெஷினில் நில்டாதான் தைக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று ஒரு சத்தம். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

“யாரும் தொடக் கூடாது. அண்ணன் எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்காரு” என்றேன்.