எல்லாரும் முதலில் வந்த ஊர்

அவர் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மேலாளர். மூக்குக் கண்ணாடியில் எப்போதும் சுக்குத் தூசி படிந்திருக்கும். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையை அவர்தான் ஒழுங்காக வைத்திருந்தார். பேசும்போதுகூட மேசைமேல் இருக்கும் சாயா கிளாஸ்களை வரிசைப்படுத்திக்கொண்டே இருப்பார்.

இங்கே முதலில் குடியேறியவர்கள் நாங்களே என்று ஒவ்வொரு தெருக்காரரும் அந்தக் கட்டுரையின் தலையில் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தோம். மொத்தம் எட்டுப் பத்திகள். ஒருநாள் பார்த்தால் ஒன்றையும் காணோம். கோபத்தோடு கிடங்குக்குப் போனேன்.

"எங்க பத்தியை ஏன் அழிச்சீங்க, சேட்டா?"

"அழிக்கலை சாரே. கீழே 'முதலில் வந்தவர்கள்'னு தனியா ஒரு தலைப்பு வெச்சு, எட்டுத் தெருவையும் அகர வரிசையில நிறுத்தியிருக்கேன். முதல்ல வந்தவங்களுக்குள்ள சண்டை வேண்டாமே. சாயா குடிங்க."

சிரித்துவிட்டேன். சாயாவையும் குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் வேறொரு பெயரில் உள்ளே நுழைந்து, ஏழாவதாக நின்ற எங்கள் தெருவை ஓசைப்படாமல் முதலாவதாக ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் அது பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. திருத்தத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் ஒரே வரி:

"நம்ம சாயா குடிச்ச வாய் ஈரம் காயலை, அதுக்குள்ளயா சாரே?"