எதிர் வீட்டுக்கு விழுந்த சீட்டு

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. எதிலும் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, எதிர் வீட்டுக்காரியைத் தவிர. அவள் எதையும் சொல்வாள்.

எனக்கு என் பெயரை எழுதவும் பஸ் நம்பரைப் படிக்கவும் தெரியும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் பேசுவதைப் புத்தகத்தில் இருப்பது போல எழுதச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பேசினதை மட்டும் அப்படியே விடச் சொன்னேன், அப்போதுதான் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

நாங்கள் இருப்பது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் லாரி ரோடு. துணி காயப்போட்டால் எடுக்கும்போது உதற வேண்டும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டும். என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கழிமுகத்தில் இறால் வலை போட்டவர். கடைசியில் மூச்சு வாங்கி வாங்கியே போனார். இப்போது அந்த மூச்சு எனக்கு வந்திருக்கிறது. வீட்டிலிருந்து லாரி ரோட்டுக்குப் போக நடுவில் கரண்ட் கம்பத்தில் சாய்ந்து நின்றுவிட்டுத்தான் போவேன். அந்தக் கம்பம் என்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

எதிர் வீட்டுக்காரிக்கு அது எதுவும் கிடையாது. ராயபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். தெருவுக்குக் குழாய் போட்டபோது அது அவள் வாசலில் வந்து நின்றது. அவள் வீட்டுச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அவள் கூப்பிட்டால் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஒரு தரம் இருமி நான் கேட்டதில்லை. ஒரே காற்றுதானே அவளும் இழுக்கிறாள் என்று அவள் வாசலைப் பார்த்து எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

போன வருஷம் மழை விட்ட பிறகு டாக்டருக்குப் படிக்கிற காலேஜிலிருந்து ஒரு மேடமும் இரண்டு பெண்களும் வந்தார்கள். இந்தக் குப்பத்து ஜனங்களின் மூச்சு எப்படி இருக்கிறது என்று ஊதிப் பார்க்கும் மிஷினோடு வந்தார்கள். எல்லா வீட்டையும் பார்க்க ஆளும் இல்லை, நாளும் இல்லையாம். கொஞ்சம் வீட்டைப் பார்த்துவிட்டு மொத்தக் குப்பத்துக்கும் கணக்கு எழுதப் போகிறார்களாம். அந்தக் கொஞ்சத்தில் என் வீடு இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போனதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. என் மூச்சையாவது எழுதட்டும்.

முதல் நாள், விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்று வலைக் கொட்டகையில் மேசை போட்டார்கள். முதல் ஆளாக நான் போய் உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரிச் சீட்டு, மூச்சுக்கு இழுக்கிற பஃப்பு எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு. வெயில் ஏறுவதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. ஒருவர் இருமி முடிக்க அடுத்தவர் ஆரம்பிப்பார். அந்த மேடம் வந்து நின்று பார்த்தது. இரண்டு பெண்களையும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசியது. பிறகு மிஷினைப் பெட்டியில் வைத்துவிட்டது.

"பாட்டி, கோவிச்சுக்காதீங்க. இங்க இருமுறவங்க மட்டும்தான் வந்திருக்கீங்க. நல்லா இருக்கறவங்க வீட்ல இருக்காங்க. இதை வச்சு எழுதினா ஊர்ல எல்லாருக்குமே மூச்சு சரியில்லன்னு வந்துடும். அது நிக்காது."

"நெசமாவே எல்லாருக்கும்தாம்மா கீது," என்றேன்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரி நின்றாள். "எனக்கு இல்லியே யக்கா," என்றாள்.

கொட்டகையே சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேருக்கு மறுபடி இருமல் வந்தது.

மறுநாள் வேறு யோசனை. மூலை வீட்டிலிருந்து ஆரம்பித்து எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டே போவது. எங்கள் குப்பத்தில் வரிசைக்கு எட்டு வீடு, அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. என் வீடு ஆறாவது. நான் அந்தப் பெண்ணிடம் போனேன்.

"மூலையிலேர்ந்து இன்னாத்துக்கு ஆரம்பிக்கற? எங்க வூட்லேர்ந்து ஆரம்பியேன். எட்டுக்கு ஒண்ணு எங்கேர்ந்து எண்ணினாலும் எட்டுக்கு ஒண்ணுதான?"

எதிர் வீட்டுக்காரி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அப்டி பாத்தா எங்க வூட்லேர்ந்து எண்ணினா இன்னா?" என்றாள், துடைப்பத்தை நிறுத்தாமலே.

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. நேத்து சொன்னியே."

"எண்ணறதுக்கு வூடு போதும் யக்கா. நோவு இன்னாத்துக்கு?"

அதற்குள் மேடம் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தது. எட்டாவது எட்டாவதாக எண்ணினால் எல்லாமே லாரி ரோட்டைப் பார்த்த மூலை வீடாக வந்து விழுகிறது, அங்கே லாரிப் புழுதி வேறு, அதுவும் சரிப்படாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது. என் வீட்டிலிருந்து எண்ணினால் எல்லாம் ஆறாவது வீடாக வந்திருக்கும், புழுதியே வந்திருக்காது. அதைச் சொன்னேன். அதுவும் அதே தப்புதான் பாட்டி என்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்த் தலைவர் தானே நல்ல வீடுகளாகப் பார்த்துக் காட்டுவதாகச் சொன்னார். காட்டினார். முதல் வீடு அவர் மச்சான் வீடு, அடுத்தது இன்னொரு மச்சான் வீடு. மேடம் டீ குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டது.

கடைசியில் சீட்டு என்று முடிவானது. கழிமுகத்தோரம், நடுக் குப்பம், லாரி ரோடு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுப்பது. மேடம் போனிலேயே எடுத்துவிடலாம் என்றது. எங்கள் ஆட்கள் விடவில்லை.

"போனுக்குள்ள நீ எடுத்தா எங்களுக்கு இன்னா தெரியும்? பாட்டுக்குச் சீட்டு எடுக்கற மாதிரி எல்லார் முன்னாடியும் எடு," என்றார்கள்.

பாடு என்றால் வலை போடும் முறை. கழிமுகத்தில் இறால் வலை போட நல்ல இடம் கொஞ்சம்தான். எந்த வீட்டுக்கு எந்த இடம், என்றைக்கு என்று கோயில் முன்னால் சீட்டு எடுத்துத்தான் முறை வைப்பார்கள். முறை விழுந்தவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் தன் பாட்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் படுத்துவிட்டபோது எங்கள் பாட்டை எதிர் வீட்டுக்குத்தான் கொடுத்தார். எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லையா என்ன? கேட்டதற்கு, "அவன்தான் ஒழுங்கா வலை கட்டுவான்," என்றார். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் இடத்தில் அவர்கள் வலை நின்றது. நல்ல இறால். அந்த டைல்ஸ் அப்போது ஒட்டினதுதான் என்று நான் நினைக்கிறேன். பேத்தி இல்லை என்கிறாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை.

சீட்டு எடுக்கிற அன்றைக்கு நான் மூத்தவன் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். சொம்புக்குள் கதவு எண்களை மடித்துப் போட்டுக் குலுக்கினார்கள். எங்கள் கழிமுகத்தோரத்துச் சொம்பில் மேடம் கைவிட்டு ஒன்றொன்றாக எடுத்தது. எல்லா எண்ணும் படித்தார்கள். என் எண் வரவில்லை. எதிர் வீட்டு எண் வந்தது.

அவள் அங்கே வரவே இல்லை. வீட்டில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாளாம்.

அன்று சாயங்காலம் என் வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவளே உட்கார்ந்தாள்.

"யக்கா, என் சீட்ட நீ எத்துக்கோ. எனக்கு அது இன்னாத்துக்கு? அன்னிக்கி அண்ணன் உங்க பாட்ட எங்களுக்குக் குடுத்தாரே, அதுக்குன்னு வச்சிக்கோ."

"உன் தருமம் எனக்கு வாணாம்."

"தருமம் இல்ல யக்கா. முறை."

"போமே, போய் வேலையப் பாரு."

அப்படிச் சொன்னேன்தான். மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள். சீட்டு விழுந்த வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஊத வேண்டும். அவள் புருஷன் கடலுக்குப் போகும் முன்பே கொட்டகையில் ஊதிவிட்டுப் போயிருந்தான். மிஷினில் முள் நன்றாக ஏறியதாம்.

மிஷின்காரப் பெண் வந்து என்னைப் பார்த்தாள். "பாட்டி, உங்க வீடு எதிர்ல இல்ல?"

"இவ பாட்ட எனக்குக் குடுத்துட்டா. நான் ஊதறேன்."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எதிர் வீட்டுக்காரியே எங்கள் முறையை எடுத்துச் சொன்னாள். மேடம் பொறுமையாகக் கேட்டது. பிறகு தலையாட்டியது, முடியாது என்று.

"மாத்திக்கலாம்னு விட்டா, இருமாதவங்க எல்லாரும் இருமுறவங்களுக்குக் குடுத்துடுவாங்க பாட்டி. கொட்டகையில நடந்ததுதான் மறுபடி நடக்கும். சீட்டு யாருக்கு விழுந்துச்சோ அவங்கதான் ஊதணும்."

"அப்ப என் மூச்சு?"

"இவங்க இந்தக் கழிமுகத்தோரத்துக்கே பேசறாங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான்."

எனக்குச் சேர்த்து அவள் பேசுவாளாம். இத்தனை வருஷத்தில் காய்கறி வண்டிக்காரனிடம் கூட எனக்காக அவளைப் பேச விட்டதில்லை. எழுந்து போகத்தான் நினைத்தேன். ஆனால் அவள் ஊதி முள் உச்சியில் போய் முட்டுவதைப் பார்க்காமல் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. வயிறு எரிந்தாலும் கண்ணால் பார்த்து எரியட்டும் என்று உட்கார்ந்தேன்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, பலூன் ஊதுகிற மாதிரிக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

"மிஷினு பேஜாரு ஆயிடிச்சி போல," என்று சிரித்தாள்.

மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடியும் அவ்வளவுதான். அந்தப் பெண் தானே ஒரு தரம் ஊதிப் பார்த்தாள், முள் சட்டென்று ஏறியது. மேடம் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டது.

"கருவாடு எங்கம்மா காயப்போடுவீங்க?"

"முன்ன மொட்ட மாடில. இப்ப வாசல்லயே."

"ஏன் மாடிக்குப் போறதில்ல?"

அவள் செருகின முந்தானையை எடுத்துவிட்டாள். "இன்னாவோ, ஏறணும்னு தோண்றதில்ல மேடம். பாதிப் படில உக்காந்துருவேன். வயசாவுதுன்னு நெனச்சிகினு கீறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "யக்கா, எனக்கு இருமலே இல்லியே?"

நான் அந்த முள்ளையே பார்த்தேன். கொட்டகைக்கு அவள் வந்திருக்கவே மாட்டாள். அவள் சீட்டில் நான் ஊதியிருந்தால் அவள் இன்னும் பாதிப் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்குள் முதலில் வந்தது இரக்கமில்லை. இருமியதெல்லாம் நான். மூச்சு வாங்கிச் செத்தது என் வீட்டுக்காரர். கணக்கில் ஏறுகிற நோய் மட்டும் குழாய் போலவே அவள் வாசலில் போய் நின்றது.

பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். எங்கே போய் எந்த வரிசையில் நிற்பது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே என்னை மாதாமாதம் பார்க்கிற டாக்டர், என்னிடம் ஒரு தரம் கூட அவ்வளவு நேரம் பேசாதவர், அவளிடம் உட்கார்ந்து பேசினார். எனக்குக் கொடுக்கிற அதே பஃப்பு அவளுக்கும். அவளுக்குப் புது நிறத்தில் கொடுத்தார்கள்.

இப்போது அவளும் லாரி ரோட்டுக்குப் போகும்போது நடுவில் நிற்கிறாள். என் கம்பத்தில்தான் சாய்கிறாள். போன வாரம் நான் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன், அவள் முன்னாடியே சாய்ந்து நிற்கிறாள்.

"நகருமே, அது என் எடம்."

"ரெண்டு பேர் சாயலாம் யக்கா. வா."

"கம்பம் ஒருத்திக்குத்தான் கீது."

நகர்ந்தாள், பாதிதான். மீதியில் நான் சாய்ந்தேன். தோளில் தோள் இடித்துக்கொண்டு நின்றோம்.

மேடம் எழுதின கணக்கில் அவள் இருக்கிறாள். என் வீட்டு எண் அந்தச் சொம்பிலேயே கிடந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். என் மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன். எனக்குச் சேர்த்து அவள் ஒன்றும் பேச வேண்டாம்.

எழுதியாச்சா? முதலிலிருந்து படி. கத்திப் படி, ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அவளைப் பற்றி எங்கேயாவது நல்லதாகச் சொல்லியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் படி.