ஹாஞ்சி சொன்ன கிரேன் ஆபரேட்டர்

வக்கீல் தொழிலில் வாதாடுகிறவர் சீனியர்; தேடுவதும், காத்திருப்பதும், எதைச் சொன்னாலும் தலையாட்டுவதும் ஜூனியர். நீங்களும் எங்காவது யாருக்காவது ஃபைல் தூக்குகிறவராக இருந்தால் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அப்பா பூனாவின் போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். நான் அதே ஊரில் கேம்ப் என்ற பகுதியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீலிடம் மூன்று வருடமாக ஜூனியர். மேடம் மராத்திக்காரர். தமிழ் பேசும் கட்சிக்காரர் வந்தால் என்னைக் கூப்பிடுவார். அப்படி வந்தவர்தான் செல்வம் அண்ணன், போசரியில் ஒரு ஷெட்டில் கிரேன் ஆபரேட்டர். கொக்கியிலிருந்து இரும்புக் குழாய்க் கட்டு நழுவி ஹெல்பர் ஒருவரின் பாதம் நசுங்கிவிட்டது. அஜாக்கிரதை என்று அண்ணன் மேல் வழக்கு. தண்டனை வந்தால் ஜெயில். திரும்பி வந்தாலும் எந்த ஷெட்டிலும் அவரைக் கிரேன் பக்கம் விடமாட்டார்கள்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்

முதல் நாள் மேடம் ஹிந்தியில் கேட்கக் கேட்க, ‘ஆமாங்க’ என்பதன் ஹிந்தி மட்டுமே அவரிடமிருந்து வந்தது. வேலை தொடங்கும் முன் கொக்கியைப் பார்த்தீர்களா? “ஹாஞ்சி.” நன்றாக இருந்ததா? “ஹாஞ்சி.” அப்படியென்றால் தப்பு உங்களுடையதுதானா? “ஹாஞ்சி, ஹாஞ்சி.”

நான் தமிழில் கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். கொக்கியின் வாயை அடைக்கும் லாக் உடைந்திருந்தது. சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொல்லியும் மாற்றவில்லை. பிறகு எதற்கு ஹாஞ்சி என்றால், பதினைந்து வருடமாக ஷெட்டில் அப்படித்தானாம். மேலே இருக்கிறவர் ஹிந்தியில் எது பேசினாலும் முதலில் ஹாஞ்சி. அவர் போன பிறகு பக்கத்தில் நிற்கிறவனிடம் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்வது. நான் இதை விளக்கியதும் மேடம் பேனாவை மூடிவைத்தார். “சாட்சிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இவரிடமிருந்து இவரை யார் காப்பாற்றுவது?”

பளபளத்த லாக்

குற்றப்பத்திரிகையை நான் மூன்று முறை படித்தேன். திறமை இல்லை, பயம். எதையாவது விட்டுவிட்டால் ஜெயிலுக்குப் போவது நான் இல்லையே. மூன்றாவது முறைதான் அந்த போட்டோ கண்ணில் பட்டது. விபத்து நடந்த மறுநாள் போலீஸ் எடுத்தது. கொக்கி முழுக்கக் கறுப்பு கிரீஸ். லாக் மட்டும் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. சூப்பர்வைசரோ, லாக் ஆரம்பத்திலிருந்தே நன்றாக இருந்தது, மாற்றவே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

மேடம் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். “இதை எடுத்த போலீஸ்காரருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். ஆனால் அவர் எதிர்த்தரப்புச் சாட்சி.”

நாற்காலி

சாட்சிகள் முடிந்த பிறகு, குற்றம்சாட்டப்பட்டவரிடம் ஜட்ஜ் நேராகவே கேட்பார்: உன்மேல் இப்படிச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்? அவருக்குப் பதிலாக நாங்கள் பேச முடியாது. இன்ன பதில் சொல் என்று முன்கூட்டியே சொல்லித் தருவதும் தப்பு. அதனால் வழக்கைத் தொடாமல் வேறு கேள்விகளாக ஹிந்தியில் கேட்டுப் பழக்கினேன். இது மும்பையா? நீங்கள் டாக்டரா? ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டபோது மெல்ல மெல்ல “நஹி”, அதாவது இல்லை, வந்தது. மேடத்தின் நாற்காலியில் ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்து கேட்டேன். மறுபடியும் டாக்டராகிவிட்டார்.

அவருக்கே வெட்கமாகிவிட்டது. “நீ கேட்டா சொல்லிடுறேன் தங்கச்சி. அந்த நாற்காலி கேட்டா வாய் தானா ஹாஞ்சிங்குது.”

கறிவேப்பிலை

போசரியில் அவர் வீட்டுக்கே போனேன். அவர் ஷிப்டில் இருந்தார். அண்ணனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வரவில்லை, வீட்டில் கொஞ்சம் பழக்குங்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அவருக்கா வராது? கறிவேப்பிலை வாங்கினீங்களா, தண்ணி பிடிச்சீங்களா, எங்கம்மாவுக்குப் போன் பண்ணீங்களான்னு கேட்டுப் பாரு. இல்லைங்கிறதைத் தவிர வேற வார்த்தையே கிடையாது.”

நான் செய்த காரியம்

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. தமிழில் அவருக்கு ‘இல்லை’ வருகிறது. அப்படியானால் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனதற்குக் காரணம் நான். முதல் வாய்தாவில் கோர்ட் குமாஸ்தா அவரிடம் ஹிந்தி புரியுமா என்று கேட்டார். அவர் “ஹாஞ்சி” என்றார். பக்கத்தில் நின்ற நான், அந்த ஹாஞ்சியின் கதை தெரிந்தும், கோட்டு போட்ட பெருமையில், “நன்றாகப் புரியும்” என்று சேர்த்துச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

கேம்ப்பில் இறங்கி நேராக ஆபீசுக்குப் போனேன். மேடத்திடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, அதைத் திருத்தக் கோர்ட்டில் மனு போட வேண்டும் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “மூன்று வருடத்தில் ‘ஹாங் மேடம்’ இல்லாமல் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. உட்கார், மனுவை எழுது.”

சாட்சிக் கூண்டுக்கு எதிரே

மனு ஏற்கப்பட்டது. சூப்பர்வைசரை மேடம் விசாரித்த அன்று, போட்டோவைக் காட்டி இந்த லாக் மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது என்று கேட்டார். சூப்பர்வைசர் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

அடுத்த வாய்தா செல்வம் அண்ணனுடைய முறை. மொழிபெயர்ப்பாளராக வந்தவர் நாலு தலைமுறையாகப் பூனாவில் இருக்கும் தமிழர். நல்ல மனிதர், தமிழ்தான் பாதி மராத்தி. “நீ ஹூக்கைத் தபாஸ் பண்ணியா, சாலு பண்றதுக்கு அகோதர்?” ஓட்டும் முன் கொக்கியைப் பார்த்தாயா என்பதை அவர் இப்படிக் கேட்டதும் அண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்க ஹிந்தியிலேயே மெதுவா கேளுங்க. நான் தமிழ்ல பதில் சொல்லிடுறேன்” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் ஜட்ஜ் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

கொக்கியைப் பார்க்காமல் ஓட்டினாயா? “இல்லீங்க.” லாக் உடைந்ததைச் சூப்பர்வைசரிடம் சொல்லவே இல்லையாமே? “இல்லீங்க, மூணு தடவை சொன்னேன்.” அவர் என்ன சொன்னார்? “இதை வச்சே ஓட்டுன்னாரு.” அதற்கு நீ என்ன சொன்னாய்? இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் ஜட்ஜை நேராகப் பார்த்தே சொன்னார். “ஹாஞ்சின்னேங்க. வேற என்ன சொல்ல முடியும்?”

தீர்ப்பு

தீர்ப்பன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஜட்ஜ் மராத்தியில் வாசித்தார். கடைசியில் அண்ணனைப் பார்த்து ஹிந்தியில், குற்றம் நிரூபணமாகவில்லை, விடுதலை, புரிந்ததா என்று கேட்டார். அண்ணன் கைகூப்பி, தெளிவாக, “ஹாஞ்சி” என்றார். அப்பாடா, ஒரு தடவையாவது சரியான இடத்தில் சொன்னாரே என்று நினைத்துக்கொண்டேன். வராண்டாவுக்கு வந்ததும் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். “என்ன தங்கச்சி சொன்னாரு? உள்ளேயா, வெளியேயா?”

ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொல்லப் பழக்கிவிட்டேன் என்ற பெருமையோடு நின்ற என்னிடம் மேடம் வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வர முடியுமா என்று கேட்டார். நான் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும்.